போலி மின்சிகரெட்டுகள்: ஆபத்துகள், அடையாளங்கள், அவசர உதவி

மின்சிகரெட் என்பது மின்கலத்தால் சூடாகும் கம்பிச்சுருளைக் கொண்டு ஒரு திரவத்தை ஆவியாக்கி, அந்த ஆவியை நுரையீரலுக்குள் இழுக்கச் செய்யும் சாதனமாகும். பேச்சுவழக்கில் இது வேப் என்று அழைக்கப்படுகிறது. திரவம் அடங்கிய சிறு குப்பி பாட் எனப்படும். பெட்டியில் அச்சிடப்பட்டுள்ளதற்கும் குப்பியில் உள்ளதற்கும் தொடர்பில்லாத சாதனங்களையே இப்பக்கம் போலி மின்சிகரெட் என்று குறிப்பிடுகிறது. அவற்றைப் பயன்படுத்தியவர்களுக்கும், அவர்களைக் கவனித்துக்கொள்ளும் பெற்றோர், துணைவர், பராமரிப்பாளர் ஆகியோருக்கும் தேவையான தகவல்கள் இங்கே தரப்பட்டுள்ளன.

போலிகளில் பல வகை உண்டு. பெயர்பெற்ற நிறுவனத்தின் சாதனத்தையும் பெட்டியையும் பார்த்து அப்படியே செய்த நகல் ஒரு வகை. உண்மையான குப்பியைத் திறந்து, வேறு திரவத்தை நிரப்பி, மீண்டும் மூடி விற்பது இன்னொரு வகை. மூன்றாவது வகை சற்று விசித்திரமானது: அதற்கு அசல் என ஒன்றே கிடையாது. பெயரும் வெற்றுப் பெட்டியும் மட்டும் மொத்தமாக அச்சிட்டு விற்கப்படும். வாங்குபவர் எதை வேண்டுமானாலும் அதில் நிரப்பி விற்றுவிடுவார். பொதுவாக மக்கள் அஞ்சுவது முதல் வகையை. அண்மை ஆண்டுகளில் மருத்துவமனைகளை நிரப்பிய பெரிய பாதிப்புகளுக்குப் பின்னால் இருந்தவையோ மற்ற இரண்டுமே.

சிங்கப்பூரில் அசல் மின்சிகரெட் உண்டா?

பிள்ளையின் பையில் மின்சிகரெட்டைக் கண்ட பெற்றோர் பலர் முதலில் கேட்கும் கேள்வி, "இது அசலா, போலியா?" என்பதாகும். "இது ஒரிஜினல்தான், ஒன்றும் ஆகாது" என்று பிள்ளையும் சொல்லக்கூடும்.

சிங்கப்பூரில் மின்சிகரெட்டை இறக்குமதி செய்வதும் விற்பதும் நெடுங்காலமாகத் தடைசெய்யப்பட்டுள்ளன. 2018 பிப்ரவரி 1 முதல் அதை வாங்குவதும், வைத்திருப்பதும், பயன்படுத்துவதும்கூடக் குற்றமாகும். ஆகவே அனுமதி பெற்ற கடையோ, அதிகாரிகளால் பரிசோதிக்கப்பட்ட பொருளோ இங்கு இல்லை. கையில் கிடைக்கும் ஒவ்வொரு சாதனமும் கடத்தி வரப்பட்டு, டெலிகிராம் போன்ற தளங்கள் வழியாகவோ நண்பர்கள் மூலமாகவோ கைமாறியதாகவே இருக்கும். வெளிநாட்டில் சட்டப்படி விற்கப்பட்ட பொருளாக அது தொடங்கியிருந்தாலும், வழியில் யார் திறந்தார், எதை நிரப்பினார் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. இதனால்தான் "அசல்" என்ற சொல்லைக் கேட்டு நிம்மதி அடைய வேண்டாம் என்று அறிவுறுத்தப்படுகிறது.

இது வெறும் அச்சமூட்டும் பேச்சன்று. பறிமுதல் செய்யப்பட்ட மின்சிகரெட்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றைத் தற்போக்காகத் தேர்ந்தெடுத்துச் சோதித்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒன்றில் எட்டோமிடேட் என்னும் மயக்கமருந்து இருந்ததாகச் சுகாதார அமைச்சு 2025 ஜூலையில் தெரிவித்தது. அச்சாதனங்களை வைத்திருந்த அனைவருமே மயக்கமருந்தை வாங்கும் எண்ணத்தோடு வாங்கியவர்கள் என்று கொள்வதற்கில்லை.

எட்டோமிடேட்: அறுவைக்கூடத்தில் மருந்து, குப்பியில் நஞ்சு

எட்டோமிடேட் கலந்த குப்பிகள் கேபாட் என்ற பெயரில் அறியப்படுகின்றன. ஹாங்காங்கில் இதே பொருளை "விண்வெளி எண்ணெய்" என்ற பொருள்படும் பெயரால் விற்றனர். சீனா 2023 அக்டோபர் 1 அன்றும், ஹாங்காங் 2025 பிப்ரவரி 14 அன்றும் இதனைக் கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருள்களின் பட்டியலில் சேர்த்தன. சிங்கப்பூரில் 2025 செப்டம்பர் 1 அன்று இது 'சி' பிரிவுப் போதைப்பொருளாகப் பட்டியலிடப்பட்டது.

மருத்துவமனையில் எட்டோமிடேட் இரத்தநாளம் வழியாகச் செலுத்தப்படுகிறது. ஒரு நிமிடத்திற்குள் நோயாளி நினைவிழப்பார். ஒரு தடவை செலுத்திய மருந்தின் மயக்கம் சில நிமிடங்களில் தெளியும். உடல் எடைக்கேற்ப அளவு கணக்கிடப்படும். மூச்சுக்குழாயைப் பாதுகாக்கவும் இரத்த அழுத்தத்தைக் கவனிக்கவும் மயக்கமருந்து நிபுணர் அருகிலேயே இருப்பார். இதே பொருளை ஆவியாக இழுப்பவருக்கு இவற்றில் எதுவும் இல்லை. ஓர் இழுப்பில் எவ்வளவு மருந்து உள்ளே சென்றது என்பதை அவராலோ, விற்றவராலோ சொல்ல முடியாது. மயக்கம் விரைவில் தெளிந்துவிடுவதே மீண்டும் மீண்டும் இழுக்கத் தூண்டுகிறது.

உடனடி விளைவுகளாகத் தள்ளாட்டம், குழறிய பேச்சு, கைகால்கள் கட்டுப்பாடின்றித் துடித்தல், குழப்பம், நினைவிழப்பு ஆகியவை காணப்படும். வலிப்பும் மூச்சுத் திணறலும் ஏற்படலாம். இந்நிலையில் சாலையைக் கடப்பவர், வாகனம் ஓட்டுபவர், மாடிப்படியில் நிற்பவர் ஆகியோருக்கு நேரும் விபத்து, மருந்தின் நேரடி விளைவைவிடக் கொடியதாக அமையக்கூடும்.

வெளியே தெரியாத கேடு ஒன்றும் உண்டு. அதைப் பராமரிப்பாளர்கள் அறிந்திருப்பது மிகவும் அவசியம் என்பதால் சற்று விரிவாகவே கூற வேண்டியுள்ளது. சிறுநீரகங்களின் மேற்புறம் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் கார்ட்டிசோல் என்னும் இயக்குநீரைச் சுரக்கின்றன. காய்ச்சல், காயம், அறுவை சிகிச்சை போன்ற நெருக்கடிகளில் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரை அளவையும் காத்து நிற்பது இந்த இயக்குநீரே. எட்டோமிடேட் அதன் உற்பத்திக்குத் தேவையான நொதியைத் தடுத்துவிடுகிறது. ஒரே ஒரு தடவை செலுத்தினாலும் இத்தடை பல மணி நேரம் நீடிக்கும். தீவிர சிகிச்சைப் பிரிவில் நெடுநேரம் தொடர்ச்சியாக எட்டோமிடேட் செலுத்தப்பட்ட நோயாளிகளிடையே இறப்பு கூடுதலாக இருந்ததை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர மருத்துவர்கள் 1983ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டினர். அதன்பின், நோயாளியை நாள்கணக்கில் மயக்கத்தில் வைத்திருக்க இம்மருந்தைப் பயன்படுத்தும் வழக்கம் கைவிடப்பட்டது. மருத்துவமனையின் முழுக் கண்காணிப்பிலேயே தொடர்ந்து கொடுக்கத் தயங்கும் ஒரு மருந்தைத்தான் சிலர் நாள்தோறும் பலமுறை இழுக்கின்றனர்.

நீண்ட நாள் இழுத்தவரிடம் தீராத சோர்வு, எழுந்து நிற்கும்போது தலைசுற்றல், வாந்தி, எடை இழப்பு ஆகியவை தோன்றலாம். இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து தசைகள் வலுவிழப்பதும் உண்டு. இவை படிப்புச் சுமை, தூக்கமின்மை, வேலைக் களைப்பு என்று எளிதில் கடந்து செல்லப்படும் அறிகுறிகள்.

அமெரிக்காவில் 2019இல் நடந்தது

எட்டோமிடேட்டுக்கு முன்பே, போலிக் குப்பிகள் என்ன செய்யும் என்பதை உலகம் ஒருமுறை கண்டது. 2019ஆம் ஆண்டின் கோடைக்காலத்தில் அமெரிக்க மருத்துவமனைகளுக்கு இளைஞர்கள் பலர் இருமல், மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, காய்ச்சல் ஆகியவற்றுடன் வந்தனர். பலருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் இருந்தன. முதலில் நிமோனியா என்றே கருதப்பட்டது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் பலனளிக்கவில்லை. அனைவரிடமும் இருந்த பொதுவான அம்சம் மின்சிகரெட். 2020 பிப்ரவரி 18 வரையிலான கணக்கின்படி 2,807 பேர் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டனர் அல்லது இறந்தனர். அவர்களுள் இறந்தவர்கள் 68 பேர்.

நோயுற்ற 51 பேரின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரைச் சோதித்தபோது, 48 பேரிடம் வைட்டமின் ஈ அசிட்டேட் என்னும் எண்ணெய்ப் பொருள் இருந்தது. நோயற்ற 99 பேரின் மாதிரிகளில் ஒன்றில்கூட அது இல்லை. தோலில் பூசும் களிம்புகளிலும் சத்து மாத்திரைகளிலும் தீங்கின்றிப் பயன்படும் பொருள்தான் அது. கஞ்சா எண்ணெயில் கலப்படம் செய்தவர்கள், நீர்த்துப்போன திரவம் கெட்டியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அதைச் சேர்த்திருந்தனர். குப்பியை ஆட்டிப் பார்த்துக் குமிழி மெதுவாக நகர்ந்தால் நல்ல சரக்கு என்று வாங்குவோர் நம்பினர். அந்த நம்பிக்கைக்கு ஏற்பவே கலப்படமும் அமைந்தது.

பாதிக்கப்பட்டவர்கள் அதிகம் குறிப்பிட்ட பெயர்களில் ஒன்று 'டாங்க் வேப்ஸ்'. பளபளப்பான பெட்டியும் வண்ணமயமான சின்னமும் அதற்கு இருந்தன. அதற்கென ஒரு நிறுவனம் மட்டும் இருக்கவில்லை. வெற்றுப் பெட்டிகள் இணையத்தில் விற்கப்பட்டன. வீடுகளிலும் கிடங்குகளிலும் ஊசிக்குழல் கொண்டு குப்பிகளை நிரப்பியவர்கள் அந்தப் பெட்டிகளுக்குள் அவற்றை வைத்து விற்றனர். மேலே சொன்ன மூன்றாம் வகைப் போலி என்பது இதுதான்.

குப்பியில் வேறு எவை இருக்கக்கூடும்?

இங்கிலாந்தில் 38 பள்ளிகளில் பறிமுதல் செய்யப்பட்ட 596 மின்சிகரெட்டுகளை பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து, ஆறில் ஒன்றில் 'ஸ்பைஸ்' எனப்படும் செயற்கைக் கஞ்சாப் பொருள் இருந்ததை 2024இல் வெளியிட்டனர். இயற்கைக் கஞ்சாவைவிடப் பன்மடங்கு வீரியமுள்ள இப்பொருள் வலிப்பு, கடும் அச்சம், மனநோய் அறிகுறிகள், இதயத் துடிப்புக் கோளாறு ஆகியவற்றை உண்டாக்கும்.

நிக்கோட்டின் அளவையும் நம்புவதற்கில்லை. "நிக்கோட்டின் இல்லை" என்று அச்சிட்ட திரவங்களில் நிக்கோட்டின் இருந்ததை ஆஸ்திரேலிய ஆய்வுகள் கண்டறிந்துள்ளன. உப்பு வடிவில் சேர்க்கப்படும் நிக்கோட்டின் தொண்டையைக் கரிப்பதில்லை. அதனால் புகைபிடித்தே அறியாத ஒரு சிறுவனும் அதிக அளவை எளிதாக இழுத்துவிடுகிறான். மலிவான கம்பிச்சுருளிலிருந்தும் பற்றுவைத்த இணைப்புகளிலிருந்தும் ஈயம், நிக்கல், குரோமியம் போன்ற உலோகங்கள் திரவத்தில் கரையலாம். தரமற்ற லித்தியம் மின்கலம் சட்டைப் பையிலோ தலையணைக்கு அடியிலோ தீப்பற்றும் வாய்ப்பும் உள்ளது.

வீட்டில் குழந்தை இருந்தால் தனிக் கவனம் தேவை. பழம், மிட்டாய் மணம் வீசும் திரவத்தைச் சிறு குழந்தை சிறிதளவு விழுங்கினாலே வாந்தி, வியர்வை, வெளிறிய தோல், வலிப்பு என நிக்கோட்டின் நஞ்சேற்றம் ஏற்படலாம்.

சாதனத்தை எப்படி அடையாளம் காண்பது?

மின்சிகரெட்டுகள் பேனா, யுஎஸ்பி சேமிப்பான், ஒளிர்வண்ணப் பேனா, சிறு விளையாட்டுச் சாதனம், பொம்மை உருவம் ஆகிய தோற்றங்களில் வருகின்றன. வாய் வைத்து இழுக்கும் ஒரு சிறு துளை, மின்னேற்றும் துளை, ஆட்டினால் திரவம் அசையும் ஒளிபுகும் பகுதி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தென்பட்டால் ஐயம் கொள்ளலாம். காரணமின்றி அறையில் இனிப்பு மணம் வீசுவதும், குப்பைத் தொட்டியில் விரல் அளவிலான ஞெகிழிக் குப்பிகள், ரப்பர் மூடிகள், வெள்ளித்தாள் உறைகள் கிடப்பதும் குறிப்புகளே.

போலித்தன்மையைக் காட்டும் அடையாளங்கள் சில உண்டு. எழுத்துப் பிழைகள், மங்கிய அச்சு, தயாரிப்பாளரின் முகவரி இல்லாமை, தொகுதி எண் இல்லாமை அல்லது அழிக்கப்பட்டிருத்தல், காலாவதி நாள் ஒட்டுத்தாளாக மேலே ஒட்டப்பட்டிருத்தல் ஆகியவை பெட்டியில் காணக்கூடியவை. குப்பியின் விளிம்பில் பசைத் தடம், நெம்பித் திறந்த கீறல், சமமற்ற திரவ அளவு, கசிவு ஆகியவை மறுநிரப்பலைக் காட்டும். ரசாயன நெடி, கருகிய சுவை, வழக்கத்திற்கு மாறான தொண்டை எரிச்சல் ஆகியவற்றைப் பயன்படுத்தியவர்கள் கூறியிருந்தால் அதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

கியூஆர் குறியீட்டை வருடினால் "அசல்" என்று திரையில் வருகிறதே என்று சிலர் கேட்பதுண்டு. ஓர் அசல் பெட்டியின் குறியீட்டைப் படமெடுத்து ஆயிரம் பெட்டிகளில் அச்சிடுவது கடினமன்று. தானே ஓர் இணையத்தளத்தை அமைத்து "அசல்" என்று காட்டச் செய்வதும் இயலும். குறியீடு அட்டைப்பெட்டியைப் பற்றித்தான் பேசுகிறது. குப்பியைப் பிறகு யார் திறந்தார் என்பது அதற்குத் தெரியாது.

இந்த அடையாளங்கள் இருந்தால் பொருள் போலி என்று துணிந்து சொல்லலாம். அவை இல்லாவிட்டால் பொருள் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது. நேர்த்தியாகச் செய்த போலியில் இவற்றில் ஒன்றும் தென்படாது. எட்டோமிடேட் கலந்த குப்பியும் கலக்காத குப்பியும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆய்வகத்தில் மட்டுமே வேறுபாடு தெரியும். முகர்ந்தோ, சுவைத்தோ, ஒருமுறை இழுத்தோ சோதித்துப் பார்க்க எக்காரணம் கொண்டும் முயல வேண்டாம்.

உடல் காட்டும் அறிகுறிகள்

சாதனத்தைவிட, அதைப் பயன்படுத்தியவரின் உடலே நம்பகமான செய்தியைத் தரும். கீழ்க்காணும் நிலைகளில் உடனடியாக 995 என்ற எண்ணை அழைக்க வேண்டும்:

- கூப்பிட்டும் தட்டியும் எழுப்ப முடியாத நிலை
- மூச்சு மெதுவாகவோ விட்டுவிட்டோ வருதல், உதடுகள் நீலம்பாய்தல்
- வலிப்பு, அல்லது நிற்காத கைகால் துடிப்பு
- நெஞ்சுவலி, ஒரு வாக்கியத்தை முடிக்க இயலாத மூச்சுத் திணறல்
- கடும் குழப்பம், இல்லாததைக் காணுதல், தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்ய முற்படுதல்

சில நாள்களாகவோ வாரங்களாகவோ வளரும் இருமல், மூச்சு வாங்குதல், காய்ச்சல், வயிற்றுக் கோளாறு ஆகியவை இருந்தால் அன்றே மருத்துவரைக் காண வேண்டும். நுரையீரல் பாதிப்பு இப்படி மெல்ல வருவதால்தான் பலர் சளிக்காய்ச்சல் என்று எண்ணிக் காலம் கடத்துகின்றனர்.

ஆம்புலன்ஸ் வரும்வரை செய்ய வேண்டியவை

முதலில் சாதனத்தை அவர் கையிலிருந்து அகற்றிவிட்டு, சன்னல்களைத் திறந்துவிடுங்கள். மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். மூச்சு சீராக இருந்து நினைவு இல்லாவிட்டால், ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலையைச் சற்றுப் பின்னே சாய்த்து வாயைக் கீழ்நோக்கி வையுங்கள். வாந்தி எடுத்தாலும் அது மூச்சுக்குழாய்க்குள் செல்லாது. மூச்சு இல்லாவிட்டால் 995 பணியாளர் தொலைபேசியில் கூறும் முறைப்படி நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள்.

வலிப்பு வந்தவரை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. வாயில் கரண்டி, துணி, சாவி என எதையும் திணிக்கக் கூடாது. இரும்பைக் கையில் கொடுப்பதால் வலிப்பு நிற்பதில்லை. சுற்றியுள்ள கூர்மையான பொருள்களை நகர்த்தி, வலிப்பு தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்வதே போதுமானது. மயக்கத்தைத் தெளிவிக்க முகத்தில் நீரூற்றுவது, காப்பி கொடுப்பது, குளிக்கவைப்பது ஆகியவையும் வேண்டாம்.

குழந்தை திரவத்தை விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள். வாயைத் துடைத்து, தோலில் பட்ட இடத்தைச் சவர்க்காரமும் நீரும் கொண்டு கழுவி, 995ஐ அழையுங்கள். மின்கலம் வெடித்துத் தீக்காயம் ஏற்பட்டால் 20 நிமிடங்கள் ஓடும் குளிர்ந்த நீரில் காட்ட வேண்டும். பற்பசையோ வெண்ணெயோ பூசக் கூடாது.

தூங்கிவிட்டார், காலையில் தெளிந்துவிடும் என்று தனியே விட்டுவிடுவது மிகப் பெரிய ஆபத்தாகும்.

மருத்துவரிடம் எதைச் சொல்ல வேண்டும்?

அவசர சிகிச்சைப் பிரிவில் குடும்பத்தினர் தயங்குவது இந்த இடத்தில்தான். பிள்ளை மயங்கி விழுந்தான் என்று மட்டும் சொல்லி, மின்சிகரெட்டைப் பற்றிப் பேசாமல் விட்டுவிடுகின்றனர். தண்டனை கிடைக்குமோ, பள்ளிக்குத் தெரிந்துவிடுமோ, உறவினர் என்ன சொல்வார்களோ என்ற அச்சம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் மருத்துவர் அதைப் பரிசோதனையில் கண்டுபிடித்துக்கொள்வார் என்று நம்பி மௌனமாக இருக்க முடியாது. அவசரப் பிரிவுகளில் வழக்கமாகச் செய்யப்படும் சிறுநீர்ப் போதைப்பொருள் சோதனை எட்டோமிடேட்டைக் காட்டுவதில்லை. செயற்கைக் கஞ்சாப் பொருள்களையும் பெரும்பாலும் காட்டுவதில்லை. சோதனை முடிவில் ஒன்றும் இல்லை என்று வந்தால், மருத்துவர் மூளைக்காய்ச்சல், இதயக் கோளாறு, வலிப்பு நோய் என வேறு திசைகளில் தேடவேண்டியிருக்கும். அந்த நேரத்தில் கார்ட்டிசோல் குறைபாடு கவனிக்கப்படாமல் போகலாம்.

எட்டோமிடேட்டின் விளைவை முறிக்கும் மாற்று மருந்து இல்லை. மூச்சு, இரத்த அழுத்தம், உப்புச் சமநிலை ஆகியவற்றைத் தாங்கிப் பிடித்து, தேவைப்பட்டால் கார்ட்டிசோலுக்கு ஈடான மருந்தைக் கொடுப்பதே சிகிச்சை. எதைத் தேடுவது என்று மருத்துவருக்குத் தெரிந்தால்தான் இச்சிகிச்சை உரிய நேரத்தில் தொடங்கும்.

எனவே, கடைசியாக எப்போது இழுத்தார், ஒரு நாளைக்கு எத்தனை முறை, எத்தனை வாரங்களாக, யாரிடமிருந்து எந்தப் பெயரில் வாங்கியது, உடன் மது அல்லது வேறு மாத்திரை உட்கொண்டாரா என்பவற்றைத் தெரிந்த அளவில் கூறுங்கள். பெயர் தெரியாவிட்டால் "என்னவென்று தெரியாத குப்பி" என்று சொல்வதும் பயனுள்ள தகவலே. சாதனமும் குப்பியும் பெட்டியும் கிடைத்தால், தனியான மூடிய பையில் இட்டு ஆம்புலன்ஸ் பணியாளரிடமோ மருத்துவரிடமோ ஒப்படையுங்கள்.

அவசர நிலை அல்லாதபோதும் இத்தகவல் முக்கியமானதே. அறுவை சிகிச்சையோ பல் சிகிச்சைக்கான மயக்கமருந்தோ பெறவிருப்பவர், தாம் மின்சிகரெட் பயன்படுத்துவதை மயக்கமருந்து நிபுணரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள், நெடுநாளாக ஸ்டீராய்டு மருந்து உட்கொள்பவர்கள், வலிப்பு நோய் அல்லது மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள், கருவுற்றிருப்பவர்கள் ஆகியோரும் தங்கள் மருத்துவரிடம் இதனைக் கூற வேண்டும். "புகைபிடிக்கிறீர்களா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று பதிலளிக்கும் பலர் மின்சிகரெட்டை அதில் சேர்ப்பதில்லை.

பழக்கத்தை நிறுத்த உதவி

நிக்கோட்டினை நிறுத்தியவருக்கு முதல் சில நாள்களில் எரிச்சல், கவனக் குறைவு, பசி, தூக்கமின்மை ஆகியவை தோன்றும்; இரண்டு முதல் நான்கு வாரங்களில் இவை பெரும்பாலும் தணியும். வீட்டிலுள்ளோர் இந்நாள்களில் கண்டிப்பைச் சற்றுத் தளர்த்துவது நல்லது. எட்டோமிடேட் கலந்ததை நீண்ட நாள் பயன்படுத்தியவர் தாமாகவே நிறுத்திவிட்டு இருந்துவிடாமல், மருத்துவரைக் கண்டு கார்ட்டிசோல், பொட்டாசியம் அளவுகளைச் சோதித்துக்கொள்ள வேண்டும். நிறுத்திய பிறகும் கடும் சோர்வு, வாந்தி, தலைசுற்றல் இருந்தால் அதைப் பழக்கத்தின் ஏக்கம் என்று எண்ணித் தாமதிக்கலாகாது.

பிள்ளையிடம் பேசும்போது, "எங்கிருந்து வாங்கினாய்?" என்று விசாரணையாகத் தொடங்கினால் உரையாடல் அங்கேயே நின்றுவிடும். "இதை இழுத்தபின் உனக்கு எப்போதாவது மயக்கம் வந்ததா, கைகால் துடித்ததா?" என்று உடல்நலத்திலிருந்து தொடங்குங்கள். சிகிச்சைக்குத் தேவையான பதிலும் அதிலிருந்தே கிடைக்கும்.

உதவி நாடித் தாமாக முன்வருவோர் மீது தண்டனை நடவடிக்கை எடுக்கப்படாது என்று சுகாதார அமைச்சு 2025இல் அறிவித்தது. சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் புகைப்பழக்கத்தை விடுவதற்கான உதவித் தொலைபேசி எண் 1800 438 2000. மனநலக் கழகத்தில் செயல்படும் தேசியப் போதைப்பழக்கச் சிகிச்சைச் சேவையை 6732 6837 என்ற எண்ணில் தொடர்புகொள்ளலாம். பாதிக்கப்பட்டவர் வர மறுத்தாலும் குடும்பத்தினர் ஆலோசனை கேட்டு அழைக்கலாம். பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ பேசுவதும் ஒரு தொடக்கமாகும்.

வீட்டிலுள்ள சாதனத்தைக் குப்பைக் குழாயில் வீசினால் மின்கலம் நசுங்கித் தீப்பிடிக்கக்கூடும். திரவத்தைக் கழுவுதொட்டியில் ஊற்றுவதும் கூடாது. மின்சிகரெட்டுகளைப் போடுவதற்கென்றே சமூக மன்றங்கள் சிலவற்றில் 2025இல் தொட்டிகள் வைக்கப்பட்டன. குப்பியைக் கழற்றாமல், சாதனத்தை முழுதாக ஒரு பையில் இட்டு அதில் சேர்க்கலாம். கசிந்த குப்பியைத் தொட நேர்ந்தால் கையுறை அணிந்துகொண்டு, பிறகு கைகளைச் சவர்க்காரத்தால் நன்கு கழுவுங்கள்.